பூமலையிலிருந்து வந்த மரம்

நேயர்களே, 'தோட்டம்' என்னும் சொல் நம் நாட்டுத் தமிழில் ஒரு தனிப் பொருளைப் பெற்றுவிட்டது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவர் "தோட்டத்துக்குப் போய் வருகிறேன்" என்றால், கிணற்றடியும் வாழையும் கத்தரிச் செடியும் கேட்பவர் நினைவுக்கு வரும். கோல சிலாங்கூரில் அதே சொல்லைச் சொன்னால் பிரட்டுக்களமும் லயமும் பால் ஸ்டோரும் கோயிலும்தான் கண்முன் வரும். பூச்செடிகள் நிறைந்த இடத்தைக் குறிக்க வேண்டுமானால் நாம் இன்னொரு சொல்லைத் தேடிப் பூங்கா என்கிறோம்.

சொல் இரண்டாகப் பிரிந்ததுபோல் நம் எண்ணமும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. தோட்டம் என்றால் வேலை; பூங்கா என்றால் ஓய்வு. தோட்டம் நம்முடையது, பூங்கா பட்டணத்தாருடையது. ஆண்டுக்கொரு முறை பள்ளிச் சுற்றுலாவில் பேருந்தை விட்டு இறங்கி, புல்தரையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உண்டு, "பூவைத் தொடாதே" என்னும் ஆசிரியரின் குரலைக் கேட்டுத் திரும்பும் இடம் என்பதற்குமேல் பூங்காவுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டென்று நம்மில் பலர் எண்ணியதில்லை. ஆனால் வட சிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் வியப்பான ஓர் உண்மை தெரியவரும். நம் மக்களுக்கு இங்கே வேலையும் கூலியும் தந்த மரங்கள் இரண்டு: ஒன்று ரப்பர், மற்றொன்று செம்பனை. இரண்டும் இந்த மண்ணில் தோன்றியவை அல்ல. இரண்டும் கடல் கடந்து வந்து, முதலில் பூங்காவில் குடியேறி, பிறகே நம் தோட்டங்களுக்கு வந்தன.

இதை விளக்க நாம் நம் ஊர்க் குன்றிலிருந்தே தொடங்கலாம். கோல சிலாங்கூர்ப் பட்டணத்தின் மேலே நிற்கும் புக்கிட் மலாவத்தியை அறியாதவர் இலர். ஆற்றின் முகத்தையும் கடலையும் ஒருங்கே காவல் காக்கக்கூடிய குன்று என்பதால் பழைய சிலாங்கூர் சுல்தான்கள் அங்கே கோட்டை அமைத்தார்கள். 1784இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றித் தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரை அதற்குச் சூட்டினர். அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராகிம் பகாங் படையின் துணையோடு வந்து அதை மீட்டுக்கொண்டார். இன்று அங்கே பீரங்கிகளும், அரச குடும்பத்தின் கல்லறைகளும், 1907இல் எழுந்த கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. வெள்ளி நிற லோத்தோங் குரங்குகள் வருவோர் கையில் இருப்பதை உரிமையோடு வாங்கிக்கொள்கின்றன. இவற்றையெல்லாம் பார்க்கிறவர்கள், தலைக்கு மேல் குடை விரித்து நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரங்களை மட்டும் மரம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். பொழுது சாயும்போது இலைகளை மடக்கிக்கொள்வதால் அதற்கு அப்பெயர். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்ப நாடுகள். 1876இல் அது சிங்கப்பூருக்கு வந்தது. அதன்பின் மலாயாவின் சாலை ஓரங்களுக்கும் திடல்களுக்கும் பரவியது. சுல்தான் இப்ராகிம் கண்ட குன்றில் இந்த மரம் கிடையாது.

அந்நாளில் இப்படி அயல்நாட்டு மரங்களை வரவழைத்து, நாற்று வளர்த்து, மற்ற ஊர்களுக்குப் பகிர்ந்தளித்த பெரிய இடம் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவாகும். பழைய தலைமுறைத் தமிழர்கள் அதற்கு அழகான ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: பூமலை. நாமும் இந்தப் பேச்சில் அப்பெயரையே வழங்குவோம்.

பூமலைக்கு முன்னரே சிங்கப்பூரில் ஒரு தாவரத் தோட்டம் இருந்தது. 1822இல் ராபிள்ஸ் தம் குன்றின்மேல் சாதிக்காய், கிராம்பு முதலிய வாசனைப் பயிர்களுக்காகத் தொடங்கிய அது, செலவுக்குப் பணமில்லாமல் 1829இல் மூடப்பட்டது. இப்போதுள்ள பூங்கா 1859இல் ஒரு வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கத்தாரால் தாங்லின் பகுதியில் தொடங்கப்பட்டது. நிலம் கிடைக்க உதவியவர் வாம்போவா என்று புகழ்பெற்ற சீன வணிகர் ஹூ ஆ கே. லாரன்ஸ் நிவென் என்பவர் மேடு பள்ளங்களைக் கெடுக்காமல் வளைந்து செல்லும் பாதைகளையும், பாண்டு வாத்தியம் இசைக்க மேடையையும், 1866இல் ஓர் ஏரியையும் அமைத்தார். மலர்க் கண்காட்சிகள் நடந்தன. மாலை நேரத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் குதிரை வண்டியில் வந்து இறங்கி உலாவினர். அது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு இடமாகவே இருந்தது என்றால் மிகையாகாது. நல்லவேளையாகச் சங்கம் கடனில் மூழ்கியது! நல்லவேளை என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1874இல் அரசாங்கம் பூங்காவை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தின் கியூ பூங்காவில் பயின்ற ஹென்றி ஜேம்ஸ் மர்ட்டன் 1875இல் பொறுப்பாளராக வந்தார். அதன் பின்னரே அழகுக்காக இருந்த இடம் ஆராய்ச்சிக்கும் உரிய இடமாயிற்று.

ரப்பரின் கதையை இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கப்பலேற்றிக் கியூ பூங்காவில் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிரேசில் மக்கள் இதை இன்றளவும் திருட்டு என்றே சொல்கிறார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் நாம் மறுக்க முடியாது. ரப்பர் விதை எவ்வளவு விரைவில் கெட்டுப்போகும் என்பது நமக்குத் தெரியும். எண்ணெய்ப் பசை மிகுந்த அந்த விதை சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். எழுபதாயிரத்தில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குச் சென்றது. கம்பகாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொட பூங்காவில் அவை நடப்பட்டன. சிங்கப்பூருக்கு 1876இல் அனுப்பிய கன்றுகள் பட்டுப்போயின. 1877இல் மீண்டும் ஒரு தொகுதி வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணோடு பல வாரம் கடற்பயணம் செய்து உயிரோடு பூமலையை அடைந்தவை 22 கன்றுகள்.

இருபத்திரண்டே கன்றுகள், நேயர்களே! நம் தோட்டங்களில் ஒரு வெட்டுக்காரருக்குக் காலையில் பிரித்துக் கொடுக்கும் மரங்களே நானூறுக்குக் குறையாது. ஒரு நிரையின் பாதியைக்கூட நிரப்பாத அந்தக் கன்றுகளில் ஒன்பதை மர்ட்டன் பேராக்குக்குக் கொண்டு சென்றார். அங்கே ரெசிடென்டாக இருந்த சர் ஹியூ லோ, கோல கங்சாரில் தம் இல்லத்தருகே அவற்றை நட்டார். பூமலையில் பதினொன்று நடப்பட்டன. கோல கங்சாரில் இன்றும் வேலியிட்டுக் காக்கப்படும் முதிய ரப்பர் மரம் அந்த ஒன்பதில் ஒன்று எனப்படுகிறது.

மரங்கள் வளர்ந்தன, காய்த்தன. ஆனால் அவற்றை யாரும் பொருட்படுத்தவில்லை. அப்போது துரைமார்களுக்குக் காப்பி மீதுதான் மோகம். சர்க்கரை, மிளகு, கம்பீர் என்று கைக்கு உடனே காசு வரும் பயிர்கள் இருக்க, ஆறேழு ஆண்டு காத்திருந்தாலும் எவ்வளவு பால் தரும் என்று தெரியாத ஒரு காட்டு மரத்தை யார் நடுவார்?

1888இல் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி பூமலையின் பொறுப்பை ஏற்றார். வயது முப்பத்திரண்டு. புதர் மண்டிய இடத்தில் நின்ற ரப்பர் மரங்களை அவர் துப்புரவாக்கி, அவற்றில் பால் எடுக்கும் முறையைப் பல ஆண்டுகள் பொறுமையாக ஆராய்ந்தார். அமேசான் காட்டில் மரத்தைச் சிறு கோடரியால் ஆங்காங்கே கொத்திப் பால் எடுப்பார்கள். கொத்து ஆழமாக விழும்; ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும்; சில ஆண்டுகளில் அடிமரத்தில் வெட்ட இடமிராது. ரிட்லி கண்டது வேறு வழி. கோடரி வேண்டாம், கூரிய உளி போதும். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளரும் படலத்தில் உளி படக்கூடாது. மறுமுறை வெட்டும்போது புது இடம் தேடாமல், முன் வெட்டிய கோட்டின் கீழ் விளிம்பையே மீண்டும் சீவினால் பால் முன்னைவிடக் கூடுதலாக வரும். வெயில் ஏறுமுன் வெட்டினால் பால் நெடுநேரம் வடியும். இப்படிச் செய்தால் மரமும் சாகாது. சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து, சில ஆண்டுகளில் அதிலும் வெட்டலாம். நடுவில் ஒரு நேர்கோடும் இருபுறமும் சாய்கோடுகளுமாக அமைந்ததால் அவர் முறைக்கு மீன்முள் வெட்டு என்று பெயர் வந்தது. பின்னாளில் அந்த வடிவம் மாறி, அடிமரத்தைப் பாதி சுற்றி வரும் ஒற்றைச் சாய்வெட்டு நிலைத்தது. ஆனால் அடிப்படை அதுவேதான்.

தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இவ்விதிகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து பிரட்டுக்குப் போனது ஏன்? மரத்தில் காயம் விழுந்தால் கங்காணி ஏசியது ஏன்? சீவல் தடித்துவிட்டால் கிராணி முகம் சுளித்தது ஏன்? மழை பெய்து பட்டை நனைந்தால் மட்டும் வேலை நின்றுபோனது என்பது வேறு கதை. மற்றவை எல்லாம் ஒரு பூங்காவில், பதினொரு மரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து கண்டறியப்பட்ட உண்மைகளிலிருந்து பிறந்த சட்டங்கள். பால் எடுத்தபின் அதை உறைய வைக்கும் முறையிலும் பூங்காக்களுக்குப் பங்குண்டு. இலங்கையின் பேராதனைப் பூங்காவில் ஜான் பார்க்கின் என்பவர் 1890களின் இறுதியில் அசெட்டிக் அமிலம் அதற்கு ஏற்றது என்று காட்டினார். ஸ்டோரில் மூக்கைத் துளைக்கும் புளித்த வாடைக்கு வழி திறந்தவர் அவர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆராய்ந்து கண்டதோடு ரிட்லி நிற்கவில்லை. கண்ட துரைமாரிடமெல்லாம் ரப்பர் நடுங்கள் என்றார். அவர்கள் சட்டைப் பையிலேயே விதைகளைத் திணித்து அனுப்புவார் என்றொரு கதை வழங்குகிறது. பைத்தியக்கார ரிட்லி என்று ஏளனம் செய்தார்கள். முதலில் காது கொடுத்தவர்களுள் ஒருவர் மலாக்காவைச் சேர்ந்த சீனப் பெருமகன் டான் சே யான். 1896இல் அவர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் நம் சிலாங்கூரிலும், காஜாங் அருகே இஞ்ச் கென்னத் தோட்டத்தில், கிண்டர்ஸ்லி சகோதரர்கள் நட்டார்கள். பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிறைத்து விலையைச் சரித்தது. மோட்டார் வண்டி வந்தது. அதற்குச் சக்கர உறை வேண்டியிருந்தது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. ஏளனம் செய்தவர்களே விதை கேட்டுப் பூமலை வாசலில் நின்றார்கள். லட்சக்கணக்கான விதைகள் அங்கிருந்து புறப்பட்டன. 1920 வாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது.

அந்த வேகத்தில்தான் சிலாங்கூர் ஆற்றின் இரு கரைகளிலும் காடு அழிந்தது. ஜெராம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று தோட்டங்கள் அடுத்தடுத்து எழுந்தன. மரத்தின் விதையைப் பூங்கா தந்தது; மரத்தை வெட்டும் கைகளை யார் தருவது? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலும் இன்று போர்ட் கிள்ளான் என வழங்கும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் இறங்கி, கங்காணியின் பின்னால் நடந்து வந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். காடு திறந்த முதல் ஆண்டுகளில் மலேரியா காய்ச்சலுக்குப் பலியானவர்கள் ஏராளம். டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானில் சதுப்பு நீரை வடித்துக் கொசுவை ஒழிக்கும் பணியைத் தொடங்கிய பின்னரும், தொலைவிலிருந்த தோட்டங்களுக்கு அந்த நன்மை வந்துசேர நெடுநாள் ஆயிற்று. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுக்கும்வரை கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.

ரிட்லியின் அறிவை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அவர் நூறு ஆண்டு வாழ்ந்து 1956இல் மறைந்தார். அவர் பெயர் பூங்கா வரலாற்றில் நிலைத்திருப்பது நியாயமே. ஆயினும் பதினொரு மரத்தில் மெய்ப்பித்ததைக் கோடி மரத்தில் நாள் தவறாமல் செய்து காட்டியவர்கள் ஓர் உளியும் ஒரு வாளியும் தவிர வேறொன்றும் இல்லாத ஆண்களும் பெண்களும் என்பதைப் பாடப் புத்தகங்கள் ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன. ஒரு மில்லிமீட்டர் சீவலை, இருட்டில், நெற்றி விளக்கின் ஒளியில், ஒரு மரத்துக்குச் சில விநாடியே செலவிட்டு, காயமின்றி எடுப்பது ஒரு கலை. அந்தக் கலையையும் சேர்த்தால்தான் ரப்பரின் வரலாறு நிறைவுறும்.

இனி இரண்டாவது மரத்துக்கு வருவோம். செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் பூங்காவை வந்தடைந்தன. அவை காய்த்த விதைகள் சுமத்திராவின் டெலி பகுதிக்குப் போய், புகையிலைத் தோட்டங்களின் சாலை ஓரத்தில் அழகு மரங்களாக நின்றன. பூமலைக்கும் 1870களில் செம்பனை அலங்கார மரமாகவே வந்தது. தென்னையைவிடக் கட்டை குட்டையாக, அடர்ந்த மட்டையோடு பார்வைக்கு நன்றாக இருந்ததே அதன் தகுதி. எண்ணெயைப் பற்றி யாரும் எண்ணவில்லை.

இந்த மரம் தோட்டமான இடம் எது தெரியுமா? நம் கோல சிலாங்கூர் மாவட்டம்தான். 1905இல் மலாயாவுக்கு வந்த ஆன்ரி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சு இளைஞர் சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் திறந்தார். மலாயும் தமிழும் கற்றுக்கொண்டார். சுமத்திராவில் செம்பனையைப் பெருமளவில் பயிரிடத் தொடங்கியிருந்த பெல்ஜியக்காரர் ஆத்ரியேன் ஹாலேயின் நட்பால் 1911, 1912 வாக்கில் டெலி விதைகளைப் பெற்றார். அவரும் முதலில் அவற்றைச் சாலை அழகுக்காகவே நட்டார். பிறகு 1917இல், பத்தாங் பெர்ஜுந்தை அருகே, காப்பி சரிவர வராத நிலத்தில் செம்பனையைப் பயிராகவே நட்டார்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. 2007 முதல் அவ்வூர் பெஸ்தாரி ஜெயா என வழங்குகிறது.

அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கிலப் பதிவேட்டில் எழுத்துச் சற்றுத் திரிந்திருந்தாலும் சொல் நம்முடையது என்பதில் ஐயமில்லை. பெயரோ தென்னமரம், புகழ் தந்ததோ பனைமரம். நாடு முழுதும் பல லட்சம் ஏக்கரில் பரந்த ஒரு தொழிலின் முதல் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல் எழுதப்பட்டிருக்கிறது. ஃபோகோனியே பின்னர் துனிசியாவில் குடியேறித் தம் மலாயா வாழ்க்கையைக் கொண்டு 'மலேசி' என்னும் நாவலை எழுதினார். அது 1930இல் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசைப் பெற்றது. அதில் தமிழ்த் தொழிலாளர்களும் வருகிறார்கள்.

செம்பனைக்கும் பூவுக்கும் நம் பெண்களுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. இம்மரத்தில் ஆண் பாளையும் பெண் பாளையும் தனித்தனியாக, வெவ்வேறு காலத்தில் வெடிக்கும். ஆப்பிரிக்கக் காட்டில் மகரந்தத்தைச் சுமந்து செல்ல ஒரு வகைச் சிறு வண்டு உண்டு. மரம் கடல் கடந்து வந்தபோது வண்டு வரவில்லை. ஆகவே இங்கே பல தோட்டங்களில் காய்ப்புக் குறைவாக இருந்தது. அந்த வண்டின் வேலையைச் செய்தவர்கள் யார்? ஆண் பாளையிலிருந்து மகரந்தத்தைத் தட்டிச் சேர்த்து, முகப்பவுடர் போன்ற வெண்பொடியோடு கலந்து, மட்டை முள்ளுக்கிடையே கையை நுழைத்துப் பெண் பாளையின்மேல் ஊதிவிடும் வேலையில் பெண்களை அமர்த்தினார்கள். எந்தப் பாளை இன்று மலரும் என்று கண்ணால் கண்டு சொல்ல வேண்டும். ஒரு நாள் தவறினால் குலை வீண். 1981இல் காமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். சில மாதங்களில் அது தோட்டந்தோறும் பரவியது, குலைகள் நிறைந்தன, கையால் ஊதும் வேலை ஒழிந்தது. ஒரு வண்டு வந்து நம் பெண்களின் வேலையை எடுத்துக்கொண்டது என்று வருந்துவதா, முள் குத்தலிலிருந்து காத்தது என்று மகிழ்வதா என்பதை அந்த வேலையைச் செய்தவர்களைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு சொன்னபின் பூமலையின் மலர்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையன்று. அதன் புகழ் இன்று ஆர்க்கிட் மலர்களால் பரவியுள்ளது. 1893இல் ஆர்மீனியப் பெண்மணி ஆக்னெஸ் ஜோவாக்கிம் தம் தோட்டத்தில் மலர்ந்த ஊதா நிற ஆர்க்கிட் ஒன்றை ரிட்லியிடம் காட்டினார். இரு இனங்கள் கலந்து பிறந்த அந்தப் பூவின் பெற்றோரில் ஒன்று, நம் பேராக்கின் கிந்தா சதுப்புகளில் களைபோல் மண்டிக் கிடந்த செடி. அந்தக் கலப்பு மலரே 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. எரிக் ஹோல்ட்டம் 1920களின் இறுதியில், தூசிபோல் நுண்ணிய ஆர்க்கிட் விதைகளைக் கண்ணாடிக் குடுவைக்குள் முளைக்கவைத்துப் புதுப்புது கலப்பினங்களை உருவாக்கும் பணியைத் தொடங்கினார். பெருந்தலைவர்கள் வந்தால் புதிய ஆர்க்கிடுக்கு அவர்கள் பெயரைச் சூட்டும் வழக்கம் 1956 முதல் இருந்து வருகிறது.

கார்னர் என்னும் ஆராய்ச்சியாளர் 1937இல் பெருக் குரங்குகளைப் பழக்கி, உயர்ந்த மரங்களின் உச்சியிலிருந்து பூவும் காயும் பறித்துவரச் செய்தார். கம்பங்களில் தேங்காய் பறிக்கும் குரங்கைப் பார்த்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. தாவரவியல் அறிஞர்களுக்குத்தான் வியப்பு! ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, பூங்காவும் அதன் உலர்செடித் தொகுப்பும் அழியாமல் தப்பின. பொறுப்பேற்ற ஜப்பானிய அறிஞர்கள் ஹோல்ட்டத்தையும் கார்னரையும் தொடர்ந்து பணியாற்ற விட்டார்கள். ஆஸ்திரேலியப் போர்க் கைதிகள் செய்த செங்கற்களால் கட்டிய படிகள் அங்கே இன்றும் உள்ளன. தங்கள் எதிர்ப்பைக் காட்ட அவர்கள் கல்லில் பொறித்த அம்புக்குறிகளைப் பார்க்கலாம்.

2015இல் யுனெஸ்கோ பூமலையை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. 82 ஹெக்டேர் பரப்புள்ள அப்பூங்கா அதிகாலை ஐந்து மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம். நகரின் நடுவே ஏறத்தாழ ஆறு ஹெக்டேர் இயற்கை மழைக்காடு வெட்டப்படாமல் நிற்கிறது. ஐந்து வெள்ளி நோட்டில் அச்சான தெம்பூசு மரம் பூங்காவைவிட வயதில் மூத்தது. சிங்கப்பூர்வரை போக இயலாதவர்களுக்கு, 1888இல் ஆல்பிரட் வென்னிங் தொடங்கிய கோலாலம்பூர் ஏரிப் பூங்கா இருக்கிறது. அழகில் அது குறைந்ததன்று. ஆனால் நம் தோட்டங்களின் பிறப்புக் கதை அங்கே நிகழவில்லை.

நம் லயத்து வாசல்களிலும் பூக்கள் இருந்தன. செம்பருத்தி, கனகாம்பரம், துளசி; வேலியோரம் காகிதப்பூ. அந்தக் காகிதப்பூவும் ரப்பரைப்போலவே பிரேசிலிலிருந்து வந்ததுதான். தோட்டம் விற்கப்பட்டு வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது, தட்டுமுட்டுச் சாமான்களோடு பால் டின்னில் நட்ட செடிகளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு அடுக்குமாடிக்குப் போன குடும்பங்களை நாம் அறிவோம்.

வட சிலாங்கூரில் இன்று ரப்பர் மரங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1960களிலிருந்து ஒவ்வொரு தோட்டமாகப் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். பின்பு பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. நிரை என்றால் என்ன, மங்கு என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு மரத்தைக் காட்ட வேண்டுமென்றால், அது முதலில் வந்து இறங்கிய பூமலைக்கே அழைத்துப் போகலாம். அங்கே ரப்பர் மரங்கள் வளர்க்கப்பட்டு வருகின்றன. காய்க்கும் பருவத்தில் போனால், வெயிலில் காய் படாரென்று வெடித்துப் புள்ளியிட்ட விதைகள் புல்லில் தெறிக்கும். அதை எடுத்துச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் நிற்பவர் கையில் சூடு வைக்கும் வித்தை மட்டும் எந்த அறிவிப்புப் பலகையிலும் எழுதியிருக்காது. உடன் வரும் தாத்தாவைத்தான் கேட்க வேண்டும்.